வாலோடு வால் கட்டிய மீன்கள்

ஸ்கார்வோய் தீவின் கருவாடுகள் பறக்கத் தொடங்கிய அந்த ஜூன் மாதக் காலையில் தவமலர் தன் பெட்டியைக் கட்டிலின்மேல் திறந்து வைத்துவிட்டு, முதலில் எதை வைப்பது என்று தெரியாமல் ஒரு கம்பளிக் காலுறையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். வெளியே விறகுக் கட்டைகள் ஒன்றோடொன்று இடிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தாள். மாசி மாதத்திலிருந்து மலைச்சரிவின் மரச்சட்டங்களில் தொங்கிக்கொண்டிருந்த காட் மீன்கள், தலை வெட்டி, குடல் எடுத்து, ஒரு கல் உப்புக்கூடப் போடாமல் வடகடலின் குளிர்காற்றிலேயே காய்ந்து இறுகிப்போன அந்த மீன்கள், தூக்கத்தில் புரள்பவர்களைப் போல ஒருமுறை புரண்டு, கழிகளை விட்டு நழுவி, கீழே விழாமல் மேலே போய்க்கொண்டிருந்தன.

நன்றாகக் காய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, குளிர் உள்ளே வருகிறதே என்று ஜன்னலைச் சாத்தினாள்.

நார்வேயின் வடகோடியில், கோடையில் சூரியன் மறையாமலும் குளிர்காலத்தில் உதிக்காமலும் இருக்கிற ஒரு கடல் துண்டில் கிடக்கிறது அந்தத் தீவு. தை பிறந்ததும் பனிக்கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிட அங்கே வரும். தீவுக்காரர்கள் அவற்றைப் பிடித்து, புதிதாகக் கொஞ்சத்தை ஈரலோடும் சினையோடும் அவித்து, மோல்யே என்று பேர் சொல்லி, நெற்றி வியர்க்கத் தின்றுவிட்டு, மிச்சத்தை மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். ஆனி வரும்போது இறக்குவார்கள். நல்லதெல்லாம் இத்தாலிக்குக் கப்பலேறும். தீவில் தங்குவது கார்த்திகையில் சாம்பல் காரத்தில் ஊறி, கண்ணாடிபோலத் துலங்கி, கரண்டியில் தளதளவென்று ஆடுகிற லூட்டபிஸ்க் ஆகும். அதைத் தின்பதற்கென்றே தீவைவிட்டுப் போனவர்களெல்லாம் வருஷத்தில் ஒருமுறை திரும்பி வருவார்கள்.

மீன்களைத் தொங்கவிட ஒரு முறை இருக்கிறது. ஒரே அளவில் இரண்டு மீன்களை எடுத்து, வாலோடு வால் சேர்த்து, ஒரே கயிற்றால் இறுக்கிக் கட்டி, ஒன்று கழிக்கு இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாகப் போட வேண்டும். தவமலர்தான் முடிச்சுப் போடுவாள். வால்களைச் சேர்த்துப் பிடிக்கிறவர் ஆர்னுல்ஃப். கணவர் இறந்தபிறகு, வளர்ந்த மகனை ஒஸ்லோவில் விட்டுவிட்டு, ஒரு பருவம் மட்டும் வேலைசெய்துவிட்டு ஒஸ்லோவுக்கே திரும்பிவிடலாம் என்று வந்த தவமலர், இந்த ஒரு பருவம், இந்த ஒரு பருவம் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துப்போகும் வரைக்கும் மீன் கட்டுகிற கூடத்து மேசையின் ஒரு பக்கத்தில் நின்றாள். மறுபக்கத்தில், வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று நினைப்பவரைப் போல, கல்யாணமே செய்யாத அந்த நெட்டை மனிதர் நின்றார். நார்வேக்காரர்களின் பேச்சில் நீயும் நீங்களும் ஒன்றுதான். ஆனாலும் ஆர்னுல்ஃப் அவளிடம் பேசியதெல்லாம் தவமலரின் காதில் நீங்கள் என்றே விழுந்தது.

அவர் அவளுடைய மிளகாய்ச் சம்பலை முதல்முறை தின்றபோது எழுந்துபோய்ப் பனியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு வந்து இன்னும் கொஞ்சம் கேட்டார். அதன்பிறகு ஒரு போத்தல் சம்பல் இல்லாமல் அவருடைய படகு கரையைவிட்டுப் போனதில்லை. பதிலுக்கு, ஒரு ஆவணி மாதத்தில், அவர் அவளைத் தன்னுடைய முல்டே சதுப்புக்குக் கூட்டிப்போனார். முல்டே என்பது சதுப்பு நிலத்தில் ஒற்றையொற்றையாகப் பழுக்கிற தங்கநிறப் பழம். அது எங்கே பழுக்கிறது என்பதை அந்த ஊரில் அண்ணன் தம்பிக்குச் சொல்ல மாட்டான், சாகக் கிடக்கிறவர்கூடப் போதகரிடம் சொல்ல மாட்டார். ஆர்னுல்ஃப் அவளைக் கூட்டிப்போனது தெரிந்ததும், தீவு முழுக்க அதன் அர்த்தம் விளங்கிவிட்டது. தவமலருக்கும் விளங்கிற்று. ஆனால் ஆர்னுல்ஃப் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவள் எப்படிப் பதில் சொல்வாள்?

இப்போது மகன் துவாரகன் வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறான். அவன் மனைவிக்கு ஆவணியில் பிள்ளை பிறக்கப் போகிறது. அம்மாவை ஒரேயடியாக ஒஸ்லோவுக்குக் கூட்டிப்போய்த் தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறான்.

"கருவாடெல்லாம் பறக்குது தம்பி" என்று தவமலர் தொலைபேசியில் சொன்னாள்.

"காத்து பலமோ அம்மா?"

"காத்தே இல்லை."

"சரி, வெளியில திரியாதேங்கோ. சாமானைக் கட்டி வையுங்கோ, நான் ஒரு வெறும் பெட்டியும் கொண்டு வாறன்."

தீவு அந்த அதிசயத்தை ஒரே நாளில் பழகிக்கொண்டது. வாலோடு வால் கட்டியிருந்ததால் ஒரு மீன் வடக்கே இழுக்க மற்றது தெற்கே இழுக்க, ஒவ்வொரு சோடியும் பம்பரம்போலச் சுழன்றது. சுழன்றபடியே கூரைகளுக்கு மேலும் தேவாலயக் கோபுரத்தைச் சுற்றியும் துறைமுகத்துக்கு மேலும் ஆயிரமாயிரமாக மிதந்து திரிந்தன, ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று சத்தமிட்டன. காலையில் அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஊர் எழுந்தது. தபால்காரர் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கடிதம் கொடுத்தார். போதகர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கும்போது முதலில் மேலே பார்த்துவிட்டுத் தூக்கினார். கடல்காகங்கள் குழம்பிப்போய், மீன் இருக்க வேண்டிய மரச்சட்டங்களில் தாங்கள் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொண்டன. பூனைகள் முதல்நாள் துள்ளிப் பார்த்தன, இரண்டாம் நாள் மல்லாந்து படுத்து வெறுமனே பார்த்தன. புகைபோக்கிக்குள் ஒரு சோடி சிக்கிக்கொண்ட வீட்டில் அன்றைக்கு முழுக்க நல்ல வாசனை வந்தது, அந்த வீட்டுக்காரர்களைக் கேட்காமலே ஏழெட்டுப் பேர் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டார்கள். கொடிக்கயிறுகளில் சிக்கிய சோடிகளை மக்கள் அவிழ்த்து, விட மனமில்லாமல், ஆட்டைக் கட்டுவதுபோல வாசல் தூண்களில் கட்டிப்போட்டார்கள். கடைக்காரி மேசைகளை வெளியே எடுத்துப்போட்டு, சுடச்சுட வாஃபிள் வார்த்து, அதன்மேல் ஆட்டுப்பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்த பழுப்புப் பாலாடைக்கட்டியை மெல்லிசாகச் சீவிப்போட்டுக் கொடுக்க, ஊரே காப்பிக் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி தின்றது.

மீன்கூடத்தின் சொந்தக்காரி ஹால்ஃப்ரித்துக்கு இத்தாலியிலிருந்து போன் வந்தது.

"இந்த வருஷம் மீன் எப்படி?" என்று வியாபாரி கேட்டார்.

"உயரத்தில் இருக்கிறது."

"இன்னும் இறக்கவில்லையா?"

"இறக்கத்தான் பார்க்கிறோம்" என்று சொல்லி ஹால்ஃப்ரித் போனை வைத்தாள்.

யாரும் அவசரப்படவில்லை. சுழன்றுகொண்டிருப்பது எங்கே போய்விடும் என்று இருந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் ஆர்னுல்ஃப் மீன்கூடத்து வாசலில் நின்று வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே மேசை கழுவிக்கொண்டிருந்த தவமலரைக் கூப்பிட்டார். கையால் காட்டினார். கூட்டத்துக்கு நடுவே ஒரு சோடி சுழலவில்லை. அதில் ஒரு மீன் இழுப்பதை நிறுத்திவிட்டு, மற்றது இழுத்த பக்கமே பின்வாக்கில் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் இழுத்த மீன் ஓய்ந்தது, பின்னால் வந்தது முன்னாகி இழுத்தது. அப்படியே முறைவைத்துக்கொண்டு இரண்டும் கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, திறந்த கடலுக்கு மேலே சின்னப் புள்ளியாகி, இல்லாமல் போயின.

"கற்றுக்கொண்டுவிட்டன" என்றார் ஆர்னுல்ஃப்.

"மற்றவையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன" என்றாள் தவமலர். தலையில்லாத மீன்கள் எதைக்கொண்டு பார்த்தன என்று இருவரும் யோசிக்கவில்லை. பார்த்தன என்பது நிச்சயம். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் சில சோடிகள் நேராகப் போகத் தொடங்கின. வியாழக்கிழமை காலையில் வானத்தில் மீன் குறைந்து அங்கங்கே வெளிச்சம் தெரிந்தது.

அப்போதுதான் ஊருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எல்லோரும் மீன்கூடத்தில் கூடினார்கள். மீன் போனால் இத்தாலிக்கு அனுப்ப ஒன்றுமில்லை, கார்த்திகையில் ஊறப்போட ஒன்றுமில்லை. ஊறப்போட ஒன்றுமில்லையென்றால் யாரும் திரும்பி வர மாட்டார்கள். மீன்கூடம் மூடினால் கப்பல் நிற்கும், கப்பல் நின்றால் பள்ளிக்கூடம், பிறகு கடை, பிறகு ஒவ்வொரு வீடாக விளக்கு அணையும். போதகர் மட்டும் தயங்கினார்.

"ஒருமுறை செத்தவற்றை இரண்டாம் முறை பிடிப்பது சரியா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றாள் ஹால்ஃப்ரித். "உங்களுக்கு லூட்டபிஸ்க் வேண்டுமா வேண்டாமா?"

போதகர் நீண்டநேரம் யோசித்துவிட்டு வேண்டும் என்றார்.

ஹால்ஃப்ரித்தின் அப்பா காலத்தில் ஹெர்ரிங் மீன் கூட்டமாகக் குடாவுக்குள் வரும்போது வளைத்து இழுக்கிற ஒரு பெரிய வலை இருந்தது. அது படகுக்கொட்டகையின் மேல்தட்டில் கிடந்தது. அதை இறக்கிவந்து விரித்ததும், தவமலர் குனிந்து அதன் நடுப்பையைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"இது எங்கள் கரைவலை" என்றாள். முல்லைத்தீவுக் கடற்கரையில் அவளுடைய அப்பாவும் சித்தப்பாமாரும் இழுத்தது இதேதான். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள், நடுவில் மடி.

"எங்களுக்குக் குன்றின்மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார்" என்றாள் ஹால்ஃப்ரித். "அவர் தொப்பியை ஆட்டினால் இழுக்க வேண்டும்."

"எங்களுக்குப் பாட்டு. பாட்டு இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள்."

இரண்டும் இருக்கட்டும் என்று முடிவானது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கடலில் வலையின் மேல்விளிம்பைத் தூக்கிப்பிடிக்கத் தக்கை இருக்கிறது. வானத்தில் எது தூக்கும்? எல்லோரும் வலையைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் கால் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். ஆர்னுல்ஃப் வெளியே போனார். திரும்பி வரும்போது, யாரோ வாசல் தூணில் கட்டிவைத்திருந்த ஒரு சோடிக் கருவாட்டைப் பட்டம்போலக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். அது கூரையில் முட்டிக்கொண்டு சுழன்றது.

"இது மிதக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் தீவின் எல்லா வாசல்களிலும் கட்டிக்கிடந்த சோடிகள் வலையின் மேல்விளிம்பில் ஏறிவிட்டன. துறைமுகத்து வாயில், இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறை வரைக்கும், வலை ஒரு பெரிய சாம்பல்நிறத் திரைச்சீலையாக எழுந்து நின்றது. ஒரு கயிறு மீன்கூடத்துப் பக்கம், மற்றது தேவாலயத்துப் பக்கம். மீன்கூடத்து வரிசையில் முதல் ஆளாக ஆர்னுல்ஃப். தேவாலயத்து வரிசையில் முதல் ஆளாகத் தவமலர், அவளுக்குப் பின்னால் போதகர், கடைக்காரி, தபால்காரர், பள்ளிக்கூடம் முழுக்க. கோபுரத்தின் உச்சியில் ஹால்ஃப்ரித் சிவப்புச் சால்வையோடு உட்கார்ந்திருந்தாள். மீன்கூட்டம் அப்போது குடாவுக்குள் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பாதிக்குமேல் சோடிகள் இப்போது சுழல்வதை விட்டுவிட்டு, முறைவைத்து நேராகப் போகக் கற்றிருந்தன. எல்லாம் கடலை நோக்கித் திரும்புகிற நேரம் அது.

அந்த நேரத்தில்தான் ஒஸ்லோப் பக்கத்துப் பயணிகளோடு கப்பல் வந்தது. மாலுமி மேலே வலையைப் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், அதற்கு அடியில் மெதுவாக நுழைந்து வந்து கரையில் கட்டினார். இதற்குமுன் பலமுறை அப்படி வந்தவரைப் போலத்தான் கட்டினார். துவாரகன் வெறும் பெட்டியோடு இறங்கி, கயிற்றைப் பிடித்து நிற்கிற அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

"பெட்டியைக் கீழ வை. எனக்குப் பின்னால கயித்தைப் பிடி. கேள்வியெல்லாம் பிறகு."

அவன் வாயைத் திறப்பதற்குள் கோபுரத்தில் சிவப்புச் சால்வை ஆடியது.

தவமலருக்கு அப்பாவின் பாட்டு ஒரு வரியும் ஞாபகம் வரவில்லை. மெட்டு மட்டும் கைகளில் இருந்தது. வாயில் வந்ததைப் பாடினாள். மோல்யே என்று அவள் இழுத்தாள், ஏலேலோ என்று இரண்டு வரிசையும் இழுத்தது, என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. லெஃப்ஸா என்றாள், வெண்ணெயும் சர்க்கரையும் பூசி மடிக்கிற அந்த மெல்லிய ரொட்டியை நினைத்து எல்லோரும் ஏலேலோ என்றார்கள். பழுப்புக் கட்டி, ஏலேலோ. பாலேட்டுக் கஞ்சி, ஏலேலோ. இடியப்பமும் சொதியும், ஏலேலோ. பன்றிக்கொழுப்பில் பட்டாணி, ஏலேலோ. போதகர் தன் பங்குக்கு, பூமத்திய ரேகையைத் தாண்டிப் போய்வந்த பீப்பாயில் ஊறிய அக்விட் சாராயத்தின் பெயரைச் சொல்ல, அதற்குத்தான் ஏலேலோ எல்லாவற்றிலும் பலமாக வந்தது. கயிறு அடியடியாகக் கரையை நோக்கி வந்தது. வலையின் இரண்டு கைகளும் மூடிக்கொண்டே வந்தன. உள்ளே அகப்பட்ட ஆயிரமாயிரம் மீன்கள் கடகடவென்று இடிக்கிற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. துவாரகன் தான் எதை இழுக்கிறோம் என்று தெரியாமலே, கைத்தோல் உரிய, வாய்நிறையச் சிரித்துக்கொண்டு இழுத்தான்.

அப்போது மீன்களெல்லாம் ஒரேயடியாகத் திரும்பின. அதுவரை கற்றுக்கொள்ளாத சோடிகளும் அந்த ஒரு கணத்தில் கற்றுக்கொண்டு, எல்லாம் ஒரே பக்கமாக, கடல் பக்கமாக இழுத்தன. கயிறு விண்ணென்று இறுகி மேலே கிளம்பியது. இரண்டு வரிசைகளின் முன்னால் நின்றவர்களும் தரையைவிட்டு எழுந்தார்கள். தவமலரின் கால்கள் துறைமுகத்துப் பலகையைவிட்டு, படகுகளைவிட்டு, பாய்மரங்களைவிட்டு மேலே போயின. கீழே துவாரகன் அவளுடைய கோட்டின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு தானும் தொங்கினான். எதிரே, வலையின் மடிக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில், ஆர்னுல்ஃபும் தொங்கிக்கொண்டிருந்தார். அத்தனை காலம் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றதுபோலவே இருந்தது.

ஆர்னுல்ஃப் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். தீவிலேயே அதிகம் பேசாத அந்த மனிதர், காலுக்குக் கீழே கடலும் தலைக்கு மேலே கருவாடுமாகத் தொங்கிக்கொண்டு, இரண்டு மூன்று வாக்கியம் தொடர்ச்சியாகச் சொன்னார்.

"பிறகு பதில் சொல்கிறேன்" என்றாள் தவமலர். "கயிற்றை விடாதீர்கள்."

"என்னவாம் அம்மா?" என்று கீழிருந்து துவாரகன் கேட்டான். அவன் ஒஸ்லோவில் வளர்ந்தவன். அந்த வடக்குத் தீவுப் பேச்சு அவனுக்கு வேறொரு நாட்டுப் பாஷை.

"கயிறு வழுக்குதாம்" என்றாள் தவமலர்.

பிறகு அவள் மறுபடி பாடினாள். தரையில் நின்றவர்கள் ஏலேலோ என்று கால் ஊன்றி இழுக்க, வானத்தில் தொங்கியவர்கள் பாரமாகத் தொங்க, மாலுமியும் கப்பல் பயணிகளும் ஓடிவந்து வரிசையின் வாலில் சேர்ந்துகொள்ள, மீன்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன. விட்டுக்கொடுக்கத்தான் அவை அந்த வாரம் முழுக்கக் கற்றிருந்தனவே. வலை தாழ்ந்து, துறைமுகத்தைக் கடந்து, கூரைகளைக் கடந்து, ஊருக்குப் பின்னால் வெள்ளைப் பஞ்சுப்புல் பூத்துக்கிடந்த மேட்டில் வந்து படிந்தது. தரையைத் தொட்ட மீன் ஒவ்வொன்றும் ஒருமுறை சிலிர்த்து மறுபடியும் கட்டையானது. தவமலரும் ஆர்னுல்ஃபும் அந்தக் குவியலின் இரண்டு பக்கத்திலும் மெதுவாக இறங்கி நின்றார்கள். தவமலருக்குச் சிரிப்பு வந்து நிற்க மாட்டேன் என்றது.

மறையாத வெயிலில் அன்று ஊர் முழுக்கச் சுத்தியல் சத்தம் கேட்டது. காய்ந்த மீனைக் கல்லில் வைத்து அடித்து, நாராகப் பிரித்து, வெண்ணெயில் தோய்த்துத் தட்டை ரொட்டியோடு தின்றார்கள். முன்னைக்கு இப்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது என்று சிலரும், கொஞ்சம் காற்று ருசி அடிக்கிறது என்று சிலரும் சொன்னார்கள். மாலுமி தின்றுகொண்டே இருந்ததில் கப்பல் திரும்பிப் போகிற நேரம் தவறிப்போனது. அடுத்த வெள்ளிக்கிழமை போகிறேன் என்று அவர் தலைமை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு, இன்னொரு மீனை எடுத்துக் கல்லில் வைத்தார். துவாரகனும் அந்த வாரம் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று.

ஹால்ஃப்ரித் அப்போது செய்த காரியம்தான் தீவை உலுக்கியது. கார்த்திகை வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை, மிதவையாக நின்ற மீன்களை இன்றைக்கே ஊறப்போடுகிறேன் என்றாள். கருவாடு பறந்ததை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் லூட்டபிஸ்க் என்பது யாரும் கேள்விப்படாதது. தொட்டிகளைச் சுற்றி நாள் முழுக்கக் கூட்டம் நின்றது. தண்ணீர், பிறகு சாம்பல் காரம், பிறகு மறுபடி மறுபடி தண்ணீர் என்று மீன் ஊறி, வெளுத்து, பொங்கி, வியாழக்கிழமை ஊர் மண்டபத்தில் ஆவி பறக்கத் தட்டுகளில் வந்தது.

மேசையில் வழக்கமான சண்டை இருந்தது. லூட்டபிஸ்க்மேல் பன்றிக்கொழுப்பை உருக்கி ஊற்றுவதுதான் முறை என்று ஒரு கட்சி, வெல்லப்பாகு ஊற்றுவதுதான் முறை என்று தெற்கேயிருந்து பெண் எடுத்த வீடுகளின் கட்சி. ஆர்னுல்ஃப் இரண்டு கட்சிக்கும் நடுவில் உட்கார்ந்து, தவமலரின் சம்பல் போத்தலைத் திறந்து ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். துவாரகன் தன் தட்டில் ஆடுகிற அந்தக் கண்ணாடி மீனைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"சாப்பிட்டுப் பாரன்" என்றாள் தவமலர். "வாயில வைச்சா ஒண்டும் தெரியாது. கொஞ்சநேரத்தால எல்லாம் தெரியும்."

அவன் ஒரு வாய் வைத்தான். முகத்தில் ஒன்றும் காட்டாமல் விழுங்கினான். சம்பல் போத்தலைக் கேட்டு வாங்கினான்.

அப்போது ஆர்னுல்ஃப் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் பேச எழுந்து நின்றதை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை, ஆகவே மண்டபம் தானாக அடங்கியது. தவமலரைப் பார்த்து, வானத்தில் சொன்ன அதே வாக்கியங்களை, அதே வரிசையில், இப்போது எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு உட்காராமல் நின்றார்.

"என்னம்மா சொல்லுறார்? எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்ல" என்றான் துவாரகன்.

மண்டபத்தில் எல்லோருக்கும் விளங்கியிருந்தது. மகனுக்கு விளங்கவில்லை என்பதும் விளங்கியிருந்தது. அம்மா அதை அவனுக்குச் சொல்லட்டும் என்று கரண்டிகளைக் கீழே வைத்துக் காத்திருந்தார்கள். தவமலர் தட்டைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"அவற்ற வீட்டில ரெண்டு யன்னல் கடலைப் பாக்குதாம்."

"சரி."

"அதில ஒண்டில நான் இருக்கவேணும் எண்டு கனகாலமா நினைச்சுக்கொண்டிருக்கிறாராம். மீன் வேலைக்கு ஆள் வேணும் எண்டதுக்காகச் சொல்லேல்லயாம்."

துவாரகன் அவரை அண்ணாந்து பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"அண்டைக்குக் கயிறு வழுக்குது எண்டு சொன்னதும் இதுதானோ?"

"ஓம்."

அவன் தட்டில் கரண்டியால் மீனை இரண்டாக வெட்டினான், நாலாக வெட்டினான். முகம் சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அவளை விட்டுப்பிரிகிறபோது இருந்ததுபோல ஆகிவிட்டது.

"நான் உங்களுக்கு அறை எல்லாம் ஒழுங்குபண்ணி வைச்சிருக்கிறன் அம்மா. யன்னலுக்கு உங்களுக்குப் பிடிச்ச மஞ்சள் திரை போட்டிருக்கு. அங்க எங்கட சனம், கோயில், கடை எல்லாம் இருக்கு. இஞ்ச உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"அங்க எல்லாரும் இருக்கினம் ராசா. நீ சொல்லுறது சரி. இஞ்ச விடிய எழும்பினா எனக்கெண்டு ஒரு வேலை இருக்கு, எனக்கெண்டு ஒரு சண்டை இருக்கு, எனக்கெண்டு ஒருத்தர் கோப்பி வைச்சுக்கொண்டு நிப்பார். அப்பா போனபிறகு இதெல்லாம் எனக்கு முடிஞ்சுது எண்டு நினைச்சன். முடியேல்ல." அவள் அவனுடைய கையைப் பிடித்தாள். அந்தக் கையில் கயிறு இழுத்த காயம் இன்னும் ஆறவில்லை. "பிள்ளை பிறக்கேக்க நான் அங்க நிப்பன். மார்கழி முடியும் மட்டும் நிப்பன், குளிப்பாட்டுவன், பிள்ளை பெத்தவளுக்குக் காயச்சரக்கு அவிச்சுக் குடுப்பன். தை பிறக்க இஞ்ச வந்திடுவன். நீ ஓம் எண்டு சொல்லவேணும் எண்டு இல்லை. ஆனா சொன்னா எனக்கு நல்லாயிருக்கும்."

துவாரகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சம்பல் காரம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம்.

"அவர் இன்னும் நிக்கிறார் அம்மா" என்றான். "கெதியாச் சொல்லுங்கோ. கால் நோகப்போகுது."

தவமலர் தலை நிமிர்ந்து, அந்தத் தீவின் பேச்சிலேயே, அதன் நெட்டிழுப்போடும் முழுங்கலோடும் சொன்னாள்.

"ஆவணியில் போவேன், தையில் வருவேன். அதுவரைக்கும் என் யன்னலில் வலை காயப்போடக் கூடாது."

ஆர்னுல்ஃப் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தபிறகுதான் அவருடைய காதுகள் இரண்டும் சிவந்திருப்பது தெரிந்தது. யாரும் கை தட்டவில்லை, அந்த ஊரில் அது பழக்கமில்லை. ஹால்ஃப்ரித் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எடுத்து, வரிசையில் இருந்த எல்லோரையும் தாண்டி, முதலில் தவமலருக்கு நீட்டினாள். பிறகு அக்விட் போத்தல் சுற்றிவந்தது. பிறகு வெல்லப்பாகுக் கட்சியும் கொழுப்புக் கட்சியும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தன.

வெள்ளிக்கிழமை துவாரகனை வழியனுப்ப ஆர்னுல்ஃபும் தவமலரும் துறைமுகத்துக்கு வந்தார்கள். அவனுடைய பெட்டி நிறையக் கருவாடு இருந்தது. அதற்குமேல் ஆர்னுல்ஃப் ஒரு போத்தல் முல்டே பழக்கூழை, பிள்ளை பெறப்போகிறவளுக்கு என்று சொல்லி, தன் கம்பளித் தொப்பியில் சுற்றி வைத்திருந்தார். துவாரகன் அம்மாவைக் கட்டிப்பிடித்தான். பிறகு ஆர்னுல்ஃபுக்கு முன்னால் போய் நின்று, கையைக் கொடுத்து, அப்படியே நின்றான்.

"என்ன யோசிக்கிறாய்?" என்றாள் தவமலர்.

"இவரை நான் என்னெண்டு கூப்பிடுறது அம்மா? பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரேல்ல."

"இஞ்ச எல்லாரும் பேர்தான் சொல்லுவினம்."

"எனக்கு வரேல்ல."

கப்பல் ஊதியது. துவாரகன் ஏணியில் ஏறினான், பாதியில் திரும்பினான்.

"போயிட்டு வாறன் ஐயா" என்றான்.

கப்பல் கரையைவிட்டு விலகியது. ஆர்னுல்ஃப் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று தவமலரிடம் கேட்டார்.

"இரண்டு அர்த்தம் இருக்கிறது" என்றாள் அவள். "பெரிய மனிதர்களை மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவோம். எங்கள் பக்கத்தில் அப்பாவையும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

"இதில் அவன் எதைச் சொன்னான்?"

"அவனைத்தான் கேட்க வேண்டும்."

ஆர்னுல்ஃப் துறைமுகத்துப் பலகையின் விளிம்பு வரைக்கும் போனார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, இந்த இரண்டில் எது என்று, தன்னுடைய தீவுப் பேச்சில், கடலுக்கு மேலே கேட்கும்படி கேட்டார். மேல்தளத்தில் நின்ற துவாரகன் காதைக் கையால் மடக்கிக் கேட்டான். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் அவன் கையை உயர்த்தி, தலையைப் பெரிதாக ஆட்டி, ஓம், ஓம் என்றான்.